கூப்பிட்டால் ‘ஏன்’ என்று கேட்க ஆளில்லாதவர்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஆதரவற்றோர் உடல்களை அடக்கம் செய்யும் குழுக்களைப் பற்றிய கட்டுரையில், ‘யூதர்களிடம் இது தனி ஒருவர் செய்யும் தர்மம் அல்ல, ஊரே சுமக்கும் கடன்’ என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கொங்குப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. யூதச் சட்டத்தைப் படித்தவர்களும் நம் பகுதியில் அடக்கப் பணியில் இருப்பவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

அநாதைப் பிணத்தை எடுத்துப் போட்டால் அசுவமேத யாகம் பண்ணின புண்ணியம் என்று எங்க அப்பாரு சொல்லுவாருங்க. யூதர்களும் புண்ணியத்துக்காகத்தான் செய்கிறார்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

அங்கே கணக்கு வேறு. நாம் ‘அநாதைப் பிணம்’ என்கிறோம். இறந்தவருக்கு எது இல்லையோ அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எபிரேயத்தில் அதே உடலுக்கு ‘மேத் மிட்ஸ்வா’ என்று பெயர். மேத் என்றால் இறந்தவர். மிட்ஸ்வா என்றால் கட்டளை. ‘கடமைப் பிணம்’ என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்தவர் என்ன செய்தாக வேண்டுமோ அது பெயராக நிற்கிறது. யார் முதலில் காண்கிறாரோ அவர் தலையில் கடமை விழுந்துவிடும். புண்ணியம் வேண்டாம் என்று ஒதுங்கிப் போகலாம், கடனை அப்படி ஒதுக்க முடியாது.

அந்தக் கடன் எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு சட்டம் போதும். யூதத் தலைமை குரு பெற்ற தாய் தகப்பன் இறந்தாலும் பிணத்தருகே போகக் கூடாது. நசரேய விரதம் எடுத்தவருக்கும் அதே கட்டுப்பாடு. இந்த இருவரும் சேர்ந்து நடந்து போகும்போது வழியில் கேட்பாரற்ற உடல் கிடந்தால் யார் தீட்டுப்பட வேண்டும் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் ஒரு வாதம் வருகிறது. குருதான் என்கிறார் ரபி எலியேசர். விரதக்காரர்தான் என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். இருவரும் ஒதுங்கிப் போகலாமா என்ற பேச்சே அங்கே இல்லை.

ஊர்ப் பொறுப்பு என்பதும் மிஷ்னாவை விளக்கி எழுந்த தல்மூத் நூலிலேயே இருக்கிறது. ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், அடக்கம் முடியும்வரை ஊரார் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது பழைய விதி. ரவ் ஹம்னூனா என்ற அறிஞர் ஓர் ஊருக்குப் போனபோது சாவை அறிவிக்கும் கொம்பொலி கேட்கிறது, ஆனால் சனங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ‘இவர்களை விலக்கி வைக்க வேண்டாமா?’ என்று கொதித்துப்போகிறார். ‘இந்த ஊரில் இதற்கென்று குழுக்கள் உண்டு, முறை போட்டுச் செய்கிறார்கள்’ என்று பதில் வந்ததும், ‘அப்படியானால் சரி’ என்கிறார். முறைக்காரர்கள் இருந்தால்தான் மற்றவர்கள் தறியையும் ஏரையும் தொடலாம். இன்று ‘ஹெவ்ரா கடீஷா’ என்று அழைக்கப்படும் அடக்கக் குழுக்களுக்கு மூலம் இதுதான். பிராக் நகரத்துக் குழு 1564-இல் தொடங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் வெளிநாடு. போன் போட்டால் எடுப்பதில்லை. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவரை ஆதரவற்றவர் என்று சொல்ல முடியுமா? சொந்தம் இருக்கிறதே?
– வாசகி, தாராபுரம்

இதே சந்தேகம் தல்மூதிலும் வந்திருக்கிறது. அவர்கள் கொடுத்த அளவுகோல் ஒரே வரிதான்: அவர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா? இல்லையென்றால் அவர் மேத் மிட்ஸ்வா. எத்தனை பிள்ளைகள் என்று யாரும் எண்ணுவதில்லை. வருகிறவர் உண்டா என்பதுதான் கேள்வி. நம் பேச்சிலும் ‘ஏன்னு கேக்க நாதியில்லை’ என்கிறோமே, அதே அளவுகோல்தான். ஆகையால், பெரியவரை உங்கள் தெரு எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் காகிதத்தில் சொந்தம் உயிரோடு இருக்கிறது, அதனால் சில வேலைகளை இப்போதே முடித்து வையுங்கள். பெரியவர் தெளிவாக இருக்கும்போதே தன் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும்: புதைப்பதா, எரிப்பதா, யார் முன்னின்று செய்வது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். ஆதார் நகலும் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சீட்டும் அதே கவரில் இருக்கட்டும். வீட்டில் இயற்கையாக இறந்தால், கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் 4-ஏ படிவத்தில் இறப்புக்கான காரணச் சான்று வாங்க வேண்டும். மாதக்கணக்கில் எந்த டாக்டரையும் பார்க்காதவர் என்றால் இங்கேதான் சிக்கல் வரும். எந்த டாக்டரும் கையெழுத்துப் போடத் தயங்குவார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதே அதற்கு மருந்து.

மகன்களுக்கு வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் தகவல் அனுப்பி, அனுப்பிய நேரம் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். ‘நீங்களே முடித்துவிடுங்கள்’ என்று ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால் பின்னால் வம்பு இல்லை. பதிலே வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம்.

யூதர்களின் அடக்கத் துணி எப்படி இருக்கும்? திருப்பூர்க்காரன் என்பதால் கேட்கிறேன். எத்தனை மீட்டர், என்ன துணி?
– வாசகர், திருப்பூர்

எபிரேயத்தில் ‘தக்ரிக்கீம்’. வெள்ளைப் பருத்தி அல்லது லினன். தலையுறை, கால்சட்டை, சட்டை, அதற்கு மேல் ஒரு நீள அங்கி, இடுப்புக் கச்சை, எல்லாவற்றையும் சுற்றிக் கட்டும் பெரிய விரிப்பு. ஆண்களுக்கு அவர்கள் ஜெபத்துக்குப் போர்த்தும் சால்வையும் உண்டு. அதன் நான்கு மூலைக் குஞ்சங்களில் ஒன்றை அறுத்துவிடுவார்கள். பெரிய ஆளுக்கு ஒரு செட் தைக்க 48 அங்குல அகலத் துணியில் சுமார் 14, 15 மீட்டர் எடுத்து வைத்தால் தாராளம். நம் பக்கத்துக் காடா துணி இதற்கு அருமையாகப் பொருந்தும். கஞ்சி போக ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். கஞ்சித் துணி மொடமொடவென்று நிற்கும், விறைத்த கைகால்மேல் ஏற்றுவது பெரும்பாடு. பாலியஸ்டர் கலந்த துணி மண்ணில் மக்காது என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

தையலில் கவனிக்க வேண்டியது: பை கிடையாது, பொத்தான் கிடையாது, ஜிப் கிடையாது, எங்கேயும் முடிச்சு கிடையாது. நூல் முனையில்கூட முடிச்சுப் போட மாட்டார்கள். முதல் தையலை அதே இடத்தில் இரண்டு மூன்று முறை திருப்பிப் போட்டால் நூல் பிடித்துக்கொள்ளும். ஓரம் மடித்து அடிப்பதும் இல்லை, வெட்டியது வெட்டியபடி விடுவார்கள். கால்சட்டையின் அடி திறந்திருக்காது. பாதத்தோடு சேர்த்து மூடித் தைத்திருக்கும். கழுத்தை அகலமாக வெட்டுங்கள். அளவாக வெட்டிய கழுத்து, படுத்திருக்கும் உடலின் தலை வழியே இறங்காது. கடைசி நேரத்தில் கத்தரிக்கோல் தேட வேண்டி வரும். கச்சையைக் கட்டும்போதும் முடிச்சு இல்லை. இரு முனைகளையும் நான்கு முறை முறுக்கி, சுருக்கு வளையமாக மடித்துச் செருகுவார்கள். ‘ஷின்’ என்ற எபிரேய எழுத்துக்கு மூன்று கிளை. வளையங்களை அந்த வடிவில் விரித்து விடுவது வழக்கம்.

இந்தத் துணிக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு காலத்தில் யூதர்களிடம் சாவுச் செலவு சாவைவிடப் பெரிய துக்கமாக இருந்தது. கட்ட முடியாத சொந்தக்காரர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்றே தல்மூத் சொல்கிறது. ரப்பன் கம்லியேல் ஊருக்கே தலைவர், பெரிய குடும்பம். தன்னைச் சாதாரண லினன் துணியில் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அவரையே அப்படிக் கொண்டுபோன பிறகு பட்டு கேட்க யாருக்கு வாய் வரும்? ஊர் முழுக்க அதையே பின்பற்றியது.

அதே பக்கத்தில் இன்னும் சில மாற்றங்கள் வரிசையாக வருகின்றன. பணக்காரரை அலங்காரக் கட்டிலிலும் ஏழையை வெறும் பாடையிலும் தூக்கிப்போனார்கள். ஏழைகள் கூனிக் குறுகினார்கள். இனி எல்லாருக்கும் வெறும் பாடைதான் என்று விதித்தார்கள். பணக்காரரின் முகத்தைத் திறந்து வைத்தார்கள், பஞ்சத்தில் கறுத்துப்போன ஏழையின் முகத்தை மூடினார்கள். இனி எல்லார் முகத்தையும் மூடு என்றார்கள். துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோகையில் பணக்காரர் வெள்ளிக் கூடையிலும் தங்கக் கூடையிலும், ஏழைகள் உரித்த மிலாறுக் கூடையிலும் கொண்டுபோனார்கள். இனி எல்லாருக்கும் மிலாறுக் கூடை. இப்படி ஒவ்வொன்றிலும் இல்லாதவர் அளவுக்கு இருப்பவரை இறக்கினார்கள். ஏழைக்குத் தங்கக் கூடை வாங்கித் தர நிதி திரட்டுவோம் என்று யாரும் சொல்லவில்லை. பூந்தேரும் வாணவேடிக்கையும் இல்லாமல் எடுத்தால் ‘என்ன பேச்சு வருமோ’ என்று கந்துவட்டிக்குப் போகும் குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த ஒரு விஷயத்தை உட்கார்ந்து பேச வேண்டும்.

உடலைக் கழுவுவதற்கு அவர்களிடம் ஏதோ கணக்கு உண்டாமே? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– வாசகி, அவிநாசி

‘தஹாரா’ என்பது அதன் பெயர். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் செய்வார்கள். நான்கைந்து பேர், ஒரு மணி நேர வேலை.

முதலில் கை கழுவி, இறந்தவரின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். ‘உங்களைக் கையாளும்போது எங்களை அறியாமல் ஏதாவது குறை நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பது பொருள். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் உடல் முழுவதையும் மூடுகிறார்கள். எந்த இடத்தைக் கழுவுகிறார்களோ அந்த இடத்தை மட்டும் திறந்து, கழுவியதும் மூடிவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர். தலையில் தொடங்கி, கழுத்து, வலது கை, வலப்புறம், வலது கால், பின்பு இடப்புறம். முதுகைக் கழுவ ஒருக்களித்துப் பிடிப்பார்கள். எந்தக் காரணத்துக்காகவும் குப்புறப் போடுவதில்லை. நகக்கண் அழுக்கை மெல்லிய மரக்குச்சியால் எடுப்பார்கள். உடலுக்கு மேலாகச் சோப்பையோ துண்டையோ கைமாற்றுவதில்லை, சுற்றிப் போய்த்தான் கொடுப்பார்கள். தேவையில்லாத பேச்சு கிடையாது. சாகும் நேரத்தில் வழிந்த இரத்தத்தைத் துடைத்து எறிவதில்லை. அது பட்ட துணியும் உடலோடு சேர்ந்து மண்ணுக்குப் போகும். கொலையுண்டு இரத்தத்தில் தோய்ந்தவரைக் கழுவுவதே இல்லை, உடுத்திய துணியோடு விரிப்பைச் சுற்றி அடக்கம் செய்வார்கள்.

கழுவிய பின் வருவதுதான் நீங்கள் கேட்ட கணக்கு. ஒன்பது ‘கவ்’ தண்ணீர். நம் அளவில் ஏறக்குறைய 23 லிட்டர். தலைமாட்டிலிருந்து கால்வரை அறுபடாமல் ஊற்ற வேண்டும். வழக்கமாக மூன்று வாளிகள், ஒவ்வொன்றிலும் 8 லிட்டர். முதல் வாளி தீர்வதற்குள் இரண்டாவது தொடங்கிவிட வேண்டும், இரண்டாவது தீர்வதற்குள் மூன்றாவது. நடுவில் ஒரு கணம் தாரை அறுந்தாலும் மறுபடி நிரப்பி முதலிலிருந்து ஊற்றுவார்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஒரே ஆள் மூன்று வாளியையும் தூக்கப் பார்ப்பார். மூன்று பேர் வாளியோடு முன்கூட்டியே வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்று, உடல் பலகையோடு ஒட்டிக் கிடந்தால் அடியில் தண்ணீர் போகாது. தோள், இடுப்பு, கணுக்கால் அடியில் குறுக்குச் சட்டங்களைக் கொடுத்து இரண்டு விரற்கடை தூக்கி வைத்த பிறகே ஊற்றுவார்கள்.

பின்பு துடைத்து உடை. பெட்டி என்றால் ஆணி, கைப்பிடி எதிலும் உலோகம் இல்லாத வெறும் மரம். அடிப்பலகையில் துளைகள் உண்டு, உடல் மண்ணைச் சேரத்தான். இஸ்ரேலில் பொதுவாகப் பெட்டியே கிடையாது. கண்மேலும் வாய்மேலும் சிறு ஓட்டுத்துண்டு வைப்பதும், இஸ்ரேல் மண் ஒரு சிட்டிகை தூவுவதும் வழக்கம். மூடுமுன் மறுபடி பெயர் சொல்லி மன்னிப்பு. இறந்த நேரத்திலிருந்து குழிக்குள் இறக்கும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள துதிப்பாடல்களை வாசிப்பார்கள், உடலைத் தனியாக விட மாட்டார்கள். உயிரோடு இருந்தபோது யாருமே பக்கத்தில் இல்லாமல் போனவருக்கும் அந்த ஓர் இரவு ஆள் இருப்பார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த ஜெபங்களையும் தஹாராவையும் யூதர் அல்லாதவர்களுக்குச் செய்ய வேண்டாம். இந்துவுக்கு நீர்மாலையும் கோடித்துணியும், முஸ்லிமுக்கு அவர்கள் ஜமாத், கிறிஸ்தவருக்கு அவர்கள் சபை. மதம் தெரியாதவரைச் சுத்தமாகக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றினால் போதும். மூடியபடியே கழுவுவது, குப்புறப் போடாதது, பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்பது ஆகிய மூன்றையும் எந்த மதத்தவருக்கும் செய்யலாம்.

எங்கள் குழு ஜி.ஹெச். பிணவறையிலிருந்து உடல் எடுக்கிறது. எதில் அதிகம் தப்பு நடக்கும்?
– வாசகர், பல்லடம்

முதலில் அடையாளச் சீட்டு. பேனா மையில் எழுதிய சீட்டு ஈரம் பட்டால் அழிந்துவிடும், உடல் மாறிப்போக அந்த ஒரு சீட்டு போதும். அழியாத மார்க்கரில் இரண்டு சீட்டு எழுதி, ஒன்றைக் கணுக்காலிலும் ஒன்றை உறைக்கு வெளியிலும் கட்டுங்கள். எடுக்கும்போது இரண்டையும் போலீஸ் கடிதத்தோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது அவசரம். குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த உடல் கல் மாதிரி இருக்கும். கையை மடக்கப் பலம் போட்டால் மூட்டு போய்விடும். சில மணி நேரம் வெளியே வைத்து, பிறகு மூட்டை உள்ளங்கையால் பிடித்து மெதுவாக அசைத்துத் தளர்த்துங்கள். உடலைப் புரட்டும்போது நுரையீரலில் தங்கிய காற்று வாய் வழியே வரும். காசநோய் இருந்தவராக இருக்கலாம். முகத்தின்மேல் துணி, உங்களுக்கு முகக்கவசம், கையுறை, ஏப்ரன் மூன்றும் கட்டாயம். பிரேதப் பரிசோதனைத் தையல் கசிந்தால் பஞ்சு வைத்து, அகலத் துணிப்பட்டையால் சுற்றுங்கள். அழுகிய உடலைக் கழுவ முயலாதீர்கள். யூதக் குழுக்களே அந்த நிலையில் கழுவுவதில்லை. மூடிய உறையின் மேலேயே அடக்க உடைகளை வரிசையாக விரித்து, அதன்மேல் விரிப்பைச் சுற்றிவிடுவார்கள். அவர் உடுத்தியதாகவே அது கொள்ளப்படும்.

வண்டிக்கு 108-ஐக் கூப்பிட வேண்டாம், அது உயிரோடு இருப்பவர்களுக்கு. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மயானம் வரை இலவச அமரர் ஊர்திக்கு 155377.

அப்புறம் செல்போன். முகம் தெரியப் படம் எடுத்து, நன்கொடை கேட்டுக் குழுவில் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவரால் ‘எடுக்காதே’ என்று சொல்ல முடியாது. அடையாளத்துக்குப் படம் எடுப்பது போலீஸ் வேலை, அது கோப்பில் இருக்கட்டும்.

எங்கள் தோட்டத்து வரப்போரம் வழிப்போக்கர் ஒருவர் இறந்துகிடந்தார். போலீஸ் வரும்வரை கைகால் ஓடவில்லை. தோட்டத்திலேயே அடக்கம் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். சரியா?
– வாசகர், பொள்ளாச்சி

இன்றைய சட்டப்படி சரியில்லை. உரிமம் பெற்ற மயானத்தைத் தவிர வேறு இடத்தில் அடக்கம் செய்யக் கூடாது. கிராம ஊராட்சிகளுக்கான 1999 விதிகளில் அது இருக்கிறது. 112-க்குச் சொல்லுங்கள். உடலை நகர்த்தாதீர்கள், பையைத் துழாவாதீர்கள். நாய், காக்கை அண்டாமல் ஒருவர் காவல் இருங்கள். வெயில் என்றால் நான்கு குச்சி நட்டு மேலே துணி கட்டுங்கள். உடல்மேல் எதையும் போடாமல் நிழல் கிடைக்கும். போலீஸ், பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் (2024 ஜூலைக்கு முன்பு சி.ஆர்.பி.சி. 174) விசாரிப்பார்கள். சட்டைக் காலரில் டெய்லர் லேபிள், கையில் பச்சை குத்திய பெயர், பஸ் டிக்கெட் இவற்றைக் குறித்துக்கொள்ளச் சொல்லி நீங்களும் கவனப்படுத்துங்கள். அடையாளம் தெரியாதவரை எரிக்காமல் புதைப்பதுதான் முறை. பின்னால் சொந்தம் தேடி வந்தால் தோண்டி எடுத்துக் காட்ட முடியும்.

பழைய யூதச் சட்டம் உங்கள் நண்பர்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது. மேத் மிட்ஸ்வாவுக்குக் கிடந்த இடமே சொந்தம். நிலத்துக்காரர் மறுக்க முடியாது. யூதர்களின் பழந்தலைவர் யோசுவா நிலம் பிரித்துக் கொடுத்தபோதே போட்ட நிபந்தனை என்கிறது தல்மூத். விவசாயி நஷ்டப்படாமல் இருக்கவும் வழி சொன்னார்கள். பாதையில் கிடந்தால் ஓரத்துக்கு எடு. ஒருபக்கம் தரிசு, மறுபக்கம் உழவு என்றால் தரிசில் வை. ஒருபக்கம் உழவு, மறுபக்கம் விதைப்பு என்றால் உழவில் வை. பிற்காலத்தில், ஊருக்குப் பக்கம் கிடந்தால் பொதுக் கல்லறைக்கே கொண்டுபோவது வழக்கமாயிற்று.

பைபிளில் உபாகமம் என்ற புத்தகத்தின் 21-ஆம் அதிகாரத்தில் இன்னொரு சடங்கு. வயலில் கொலையுண்டவர் கிடந்து, கொன்றவர் தெரியாவிட்டால், சுற்றியுள்ள ஊர்களுக்கு எத்தனை தூரம் என்று அளப்பார்கள். மிகப் பக்கத்து ஊரின் பெரியவர்கள் வந்து கை கழுவி, ‘எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை’ என்று சொல்ல வேண்டும். பெரியவர்களையா கொலைகாரர்கள் என்று சந்தேகித்தார்கள் என்று தல்மூத் கேட்டு, பதிலும் சொல்கிறது: ‘எங்கள் ஊருக்கு வந்த இவரைச் சோறு போடாமல் அனுப்பவில்லை, வழித்துணை இல்லாமல் அனுப்பவில்லை’ என்பதே அந்த உறுதிமொழியின் பொருள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். இஸ்ரேல் பயணிகளும் வருகிறார்கள். தனியாக வந்த யூதர் ஒருவர் இறந்துவிட்டால் நாங்கள் செய்யக் கூடாதது என்ன?
– வாசகர், வால்பாறை

எரிக்கக் கூடாது. நல்ல மனதோடு மின்மயானத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. யூத மதச் சட்டத்தில் எரிப்பதற்கு இடமில்லை. போலீசுக்குச் சொன்ன கையோடு தூதரகத்துக்குத் தகவல் போகட்டும். இஸ்ரேல் குடிமக்கள் என்றால் தென்னிந்தியாவுக்கான துணைத்தூதரகம் பெங்களூருவில் இருக்கிறது. யூதர் என்பதாலேயே இஸ்ரேல் என்று முடிவுகட்டாதீர்கள், பாஸ்போர்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். விமானத்தில் அனுப்ப எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது) சான்று கேட்பார்கள், யூத வழக்கமோ எம்பாமிங்கை ஏற்காது. குடும்பமோ தூதரகமோ பேசி முடிவு செய்யும்வரை அந்த வேலையைத் தொடங்க விடாதீர்கள். பிரேதப் பரிசோதனை சட்டப்படி தேவையென்றால் தடுக்க முடியாது. எடுத்த பாகங்களைத் திரும்ப உடலோடு சேர்க்கும்படி தூதரகம் வழியாக எழுத்தில் கேட்கலாம். முடிந்தால் அன்றைக்கே அடக்கம் என்பது அவர்கள் விதி. ஆனால் வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி இரவு வரை அடக்கம் இல்லை.

கொச்சியில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்களாம். கடைசியாக இருப்பவரை யார் அடக்கம் செய்வார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பாலக்காட்டுக் கணவாய் தாண்டி நாலைந்து மணி நேரத்தில் போய்விடும் ஊர். அங்கே மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கேரளத்துச் சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று உண்டு, சாரா என்ற பெண்ணுடையது. இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். இறந்தவருக்காகச் சொல்லும் ‘கதீஷ்’ ஜெபத்துக்குப் பத்து யூதர்கள் வேண்டும். உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இல்லாதபோது வெளியூரிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துத்தான் நிறைக்க வேண்டும். ஆனால் உடலை மண்ணில் வைக்கப் பத்துப் பேர் கணக்கு கிடையாது. ஜெபத்துக்கு ஆள் சேரவில்லை என்று அடக்கம் காத்திருக்கத் தேவையில்லை.

சாதி தெரியாத உடலை எங்கள் பக்கம் ‘எங்க காட்டுல வைக்காதே’ என்கிறார்கள். யாருடைய மயானத்தில்தான் வைப்பது?
– வாசகி, காங்கேயம்

ஊராட்சி, நகராட்சி மயானம் பொதுச்சொத்து. ஊராட்சி நிர்வாகத்துக்கோ நகராட்சி ஆணையருக்கோ எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கி, போலீஸ் கடிதத்தோடு போங்கள். வாய்ப்பேச்சில் போனால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள். வீடற்றவர்களுக்கும் அவரவர் மத முறைப்படி கண்ணியமான அடக்கத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002-இல், ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்த வழக்கைக் குறிப்பிடுங்கள்.

தல்மூதில் ‘யூதரல்லாத இறந்தவர்களையும் அடக்கம் செய்ய வேண்டும், சமாதானத்தின் பொருட்டு’ என்று இருக்கிறது. தனக்கென்று தனிக் கல்லறை வைத்துக்கொண்ட ஒரு சனம், அடுத்தவர் பிணம் தெருவில் கிடக்க விடாதே என்று சொல்லியிருக்கிறது. சாதி கேட்டு உடலைத் திருப்பி அனுப்புவதற்கு எந்த மதநூலிலும் ஞாயம் தேட வேண்டாம். அது தவறு, அவ்வளவுதான்.

இப்படி ஒரு குழு தொடங்க என்ன வேண்டும்?
– வாசகர், சத்தியமங்கலம்

ஆண்கள் ஆறு, பெண்கள் ஆறு. எந்த நேரத்திலும் நாலு பேர் கிடைக்கும்படி வாரமுறை. பெண்கள் குழு இல்லாமல் தொடங்காதீர்கள். தனியாக இறக்கும் பாட்டிகளை ஆண்கள் கழுவும் நிலை வந்துவிடும். ஒரு தகரப்பெட்டியில் இரண்டு செட் தைத்த துணி, கையுறை, ஏப்ரன், முகக்கவசம், மூன்று வாளி, பஞ்சு, குறுக்குச் சட்டம், மார்க்கர், சீட்டுகள், 50 அடி வடக்கயிறு. குழி வெட்டுபவரின் கூலியை முன்பே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுங்கள். அவர் வராவிட்டால் மற்ற எல்லாம் வீண். செம்மண் சரளையில் கடப்பாரை இறங்க நேரமாகும். கரிசலில் மழைநாளில் ஓரம் சரியும், அதனால் குழியை வாய் அகலமாக வெட்டச் சொல்லுங்கள். இறங்கி நிற்பவருக்கு எப்போதும் மேலே ஒரு ஆள் துணை வேண்டும். ஒரு குழியில் ஒருவர்தான். மண்ணை ஓர் அடி மேடாகக் குவியுங்கள், முதல் மழைக்கே இறங்கிவிடும்.

யூதர்கள் குழியில் மண் தள்ளும்போது முதலில் மண்வெட்டியைப் புறம் திருப்பிப் பிடித்துத் தள்ளுவார்கள், வயல் வேலை மாதிரி வேகமாக இல்லாமல். ஒருவர் முடித்ததும் மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் தரையில் குத்தி வைத்துவிடுவார். அடுத்தவர் தானே எடுத்துக்கொள்வார்.

பெயர் தெரியாதவருக்குக் கல் நட்டு என்ன பயன்? ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில் பேர் சொல்லித் தர்ப்பணம் கொடுக்கக்கூட வழியில்லையே?
– வாசகி, பவானி

நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். நம் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் வயது. ஏழை யூதர்களை இலவசமாக அடக்கம் செய்ய 1888-இல் தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ பரியல் அசோசியேஷன், அவர்களில் 22 பேரை ஸ்டேட்டன் தீவில் தன் கல்லறையில் வைத்தது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அது எடுக்காவிட்டால் கேட்பாரற்ற உடல்கள் ஹார்ட் தீவில் நகரத்தின் பொதுக் குழிக்குப் போகும்.

அந்தத் தீயில் அடையாளமே தெரியாத ஆறு பேரை நகர நிர்வாகம் புரூக்ளினில் ஒரு கல்லறையில் புதைத்தது. இடம் குறிக்கப்பட்டிருந்தது, ஏடு இருந்தது. ஓர் ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் துருவி, 2011-இல் ஆறு பெயர்களும் தெரியவந்தன. நூறு ஆண்டு கழித்து.

ஆகையால் கல் நடுங்கள். பெரிய கல் வேண்டாம், ஓர் அடி உயரம் போதும். அதில் குழி எண், தேதி, போலீஸ் ஸ்டேஷன் பெயர், வழக்கு எண். இதே நான்கையும் உடலின் அடையாளங்களோடு ஒரு தடித்த நோட்டில் எழுதி, நகலை மயான அலுவலகத்திலும் ஒன்று வையுங்கள். கல்லில் எண்ணை அடிப்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். மேலே நாலு விரற்கடை வெறுமனே இருக்கட்டும், பெயர் வந்தால் எழுத இடம் வேண்டும்.